முன்னிசை முடியும்வரை



சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு உங்கள் போதகர் எங்கே இருக்கிறார் என்பது உங்களில் அநேகருக்குத் தெரியும். மறுநாள் பிரசங்கத்தை இறுதியாக ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டிய அந்த வேளையில், நம் ஊர்க் கல்லூரியின் சமுதாய வானொலி நிலையத்தில், சுவரெங்கும் பஞ்சு ஒட்டிய ஒரு சிறிய அறையில், ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பழைய திரைப்பாடல்களை ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறேன். இதைக்குறித்து உங்களில் சிலர் மகிழ்ந்தீர்கள்; சிலர் வருத்தப்பட்டீர்கள். ஆறு ஆண்டுகளாக நான் இதற்கு விளக்கம் சொன்னதில்லை. இந்த வாரம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பொறுப்பை நான் தேடிப் போகவில்லை. அந்த நிகழ்ச்சியை நடத்திவந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நோயுற்றபோது, நான்கு வாரங்களுக்கு மட்டும் வந்து உதவும்படி கல்லூரியிலிருந்து கேட்டார்கள். நான்கு வாரங்கள் ஆறு ஆண்டுகளாயின. சமுதாய வானொலி மிகச் சிறிய காரியம். 2004-ஆம் ஆண்டு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியாவின் முதல் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. எங்களிடம் இருப்பது 50 வாட் ஒலிபரப்பி. அதன் குரல் 10 அல்லது 15 கிலோமீட்டருக்கு அப்பால் போகாது. பேருந்து ஆற்றுப்பாலத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் இரைச்சல் மட்டுமே மிஞ்சும். ஆனாலும் அந்த வட்டத்துக்குள் வசிக்கும் நேயர்கள், நேரம் தவறாதவர்கள். ஒரு வாரம் மின்தடையால் நிகழ்ச்சி பத்து நிமிடம் தாமதித்தபோது பதினேழு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். ஆராதனை பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் நம்மில் எத்தனை பேர் கேட்போம் என்று அன்று சிரித்துக்கொண்டேன்.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அதற்கான உரிமக் கட்டணத்தை அப்பா ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டிவருவார். அந்தப் பெட்டி செய்திக்கும், சேஷெல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் வந்த ஃபீபா வானொலியின் தமிழ்ச் செய்திகளுக்கும் மட்டுமே என்பது அவருடைய கட்டளை. அப்பா வெளியே சென்ற பிறகு அம்மா முள்ளை மெல்ல நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடிப்பார்கள். அடுப்படியில் ஊதுகுழலின் சத்தத்தையும் மீறாத அளவில் பாடல் கேட்கும். வாசற்கதவின் கொண்டி அசைந்தால் முள் பழைய இடத்துக்குப் போய்விடும்.

நம் தென்மாவட்டங்களில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலியால் வளர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1952-இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு, அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லாமற்போனது. சாஸ்திரிய இசையே மக்களை உயர்த்தும் என்பது அவருடைய எண்ணம். மக்களோ கடலுக்கு அப்பால் இருந்த நிலையத்துக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித் பாரதி தொடங்கியபோதுதான் அந்தப் பாடல்கள் நம் வானொலிக்குத் திரும்பி வந்தன. அப்பாவும் கேஸ்கரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் இருவருடைய கவலையும் ஒன்றுதான். எது உள்ளத்துக்கு நல்லது என்று அவர்கள் உண்மையாகவே கவலைப்பட்டார்கள். ஆகவே அவர்களை நான் ஏளனம் செய்யத் துணியமாட்டேன்.

அதே கவலையோடுதான் நம் சபையின் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்தார். பின்னால் பேசாமல் நேராக வந்து கேட்டார் என்பதற்காக அவரை மதிக்கிறேன். "ஐயா, ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துல ஜெபம் சொல்லுத வாய், சனிக்கிழமை ராத்திரி காதல் பாட்டை அறிமுகப்படுத்தலாமா? எனக்கு மனசு ஒப்பல" என்றார். நான் வேதபாடசாலையில் கற்ற விடைகள் சில என் நாவின் நுனிவரை வந்தன. தாவீது சவுலுக்கு வாசித்ததைச் சொல்லலாம். படைப்பின் நன்மையைப்பற்றிப் பேசலாம். ஆனால் அவர் வாதத்துக்கு வரவில்லை. "அண்ணாச்சி, எனக்கு ஒரு மாதம் தாங்க. ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். விட்டுவிடலாம் என்றே பாதி மனதாக இருந்தேன்.

அந்த மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது, ஒரு தொலைபேசி அழைப்பு. நான் பாடலை அறிமுகப்படுத்தும் முறையை நீங்கள் அறிவீர்கள். படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் என்று எல்லாவற்றையும் முன்னிசை ஒலிக்கும்போதே சொல்லி, பாடகர் வாய்திறக்கும் அந்தக் கணத்தில் சரியாக முடிப்பேன். அது ஒரு திறமை என்று உள்ளூர எனக்குப் பெருமை இருந்தது. அன்று அழைத்த முதியவர் பேண்ட் வாத்தியக் குழுவொன்றில் நாற்பது ஆண்டுகள் கிளாரினெட் வாசித்தவர். கலியாணத்துக்கும் சாவுக்கும் வாசித்து, பல் போனபின் வாத்தியத்தை உறையில் போட்டுவைத்தவர்.

"ஐயா, நீங்க நல்லாத்தான் பேசுதிய. ஆனா பாட்டு தொடங்கினதுக்கப்புறம் பேசாதிய. அந்தப் பாட்டுல கிளாரினெட் வாரது அந்த இடத்துல மட்டுந்தான். ஒரு வாரமா அதுக்குத்தான் காத்திருந்தேன். நீங்க அது மேலயே வருசத்தையும் படத்தோட பேரையும் சொல்லிட்டிய."

நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு நெடுநேரம் அதையே நினைத்திருந்தேன். அக்காலத்து இசைத்தட்டு அரக்கினால் ஆனது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும். அந்த மூன்று நிமிடத்துக்குள் முன்னிசைக்குக் கிடைப்பது சில நொடிகள். தட்டின் நடுவிலுள்ள வட்டத் தாளில் படத்தின் பெயரும் பாடகரின் பெயரும் இருக்கும். கிளாரினெட் வாசித்தவரின் பெயர் இராது. அந்தச் சில நொடிகளே அவருக்குரிய இடம். அந்த இடத்தின்மேல்தான் நான் வாரந்தோறும் பேசிக்கொண்டிருந்தேன்.

மோவாபுக்கு விரோதமாகப் போன மூன்று ராஜாக்கள் தண்ணீரில்லாமல் தவித்து எலிசாவிடம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தீர்க்கதரிசி உடனே வாய்திறக்கவில்லை. ஒரு சுரமண்டல வாத்தியக்காரனை அழைத்துவரச் சொன்னார். அவன் வாசித்தபோதுதான் கர்த்தருடைய கரம் எலிசாவின்மேல் இறங்கியது. இரண்டாம் இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். வெட்டப்பட்ட பள்ளங்களைப்பற்றி அதிகம் பேசியிருக்கிறேன்; வாத்தியக்காரனை ஒரே வாக்கியத்தில் கடந்துபோயிருக்கிறேன். அவன் பெயரும் எழுதப்படவில்லை. வேதத்திலும் நான் முன்னிசையின்மேலே பேசியிருந்தேன்.

இரண்டாவது காரியம் ஒரு ஞாயிறு பிற்பகலில் நடந்தது. நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் பக்கவாதத்தால் ஏழு மாதமாகப் பேச்சிழந்து படுத்திருந்தார். அவருக்குத் திருவிருந்து கொடுக்கச் சென்றபோது, வழக்கப்படி மூப்பர் ஒருவர் உடன் வந்தார். அன்றைக்கு வந்தவர் என்னிடம் கேள்வி கேட்ட அதே அண்ணாச்சி. வீட்டுக்குள் நுழையும்போதே என் குரல் எனக்கு எதிரே வந்தது. சனிக்கிழமை நிகழ்ச்சியின் மறுஒலிபரப்பு அது. கூச்சத்தில் எனக்கு முகம் வியர்த்தது. மகள் ஓடிவந்து ரேடியோவை நிறுத்தப் போனார். அதற்குள் பாடல் தொடங்கிவிட்டது.

அது "கல்யாணப் பரிசு" படத்துப் பாடல். 1959-இல் வந்த படம். ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். இசையமைத்த ஏ. எம். ராஜாவே பாடியது. பாடலை எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதே ஆண்டு அக்டோபரில், 29 வயதில் காலமானார். ராஜாவின் முடிவோ நம் பக்கத்து வள்ளியூர் ரயில் நிலையத்தில், 1989 ஏப்ரலில், ஒரு கச்சேரிக்குப் போகும் வழியில் நேர்ந்தது. இவற்றையெல்லாம் முந்தின இரவு நான்தான் சொல்லியிருந்தேன்.

படுத்திருந்த சகோதரியின் உதடுகள் அசைந்தன. முதலில் ஓசை மட்டும் வந்தது. இரண்டாம் அடியில் சொற்கள் வந்தன. கோணலாக, ஆனால் தெளிவாக, ராகம் தப்பாமல் வந்தன. "அம்மா" என்று மகள் கூப்பிட்டார். பதில் சொல்ல அவரால் கூடவில்லை. ஆனால் பாடல் தொடர்ந்தது. மகள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். தாயின் குரலை அவர் கேட்டு ஏழு மாதமாகியிருந்தது.

இது அற்புதம் என்று நான் உங்களிடம் சொல்லமாட்டேன். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது. பாட்டுக்கு வலப்பக்கமும் பெரிதும் துணைசெய்கிறது. ஆகவே இடப்பக்கம் சேதமடைந்து பேச்சை இழந்த சிலரால் பாட முடிகிறது. பாட்டின் வழியே பேச்சுப்பயிற்சி கொடுக்கும் முறையும் மருத்துவத்தில் உண்டு. அதை நான் பிற்பாடு கேட்டறிந்தேன். ஆனால் ஒரு காரியம் என்னைக் குத்தியது. ஏழு மாதமாக மாதந்தோறும் அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாசித்தேன், பேசினேன், ஜெபித்தேன், கைகுலுக்கித் திரும்பினேன். ஒருமுறைகூட நான் பாடவில்லை. பேச முடியாத ஒருவரிடம் போய், நான் மட்டும் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று ரேடியோவை நிறுத்தியபின், ஜெபப்புத்தகத்தைத் திறக்குமுன், அவர் சிறுவயதுமுதல் அறிந்த ஒரு கீர்த்தனையை மெதுவாகத் தொடங்கினேன். அவர் உடன் பாடினார். அண்ணாச்சியும் வாசற்படியில் நின்றபடியே தாழ்ந்த குரலில் சேர்ந்துகொண்டார். ஏழு மாதங்களில் முதன்முறையாக அந்தச் சகோதரி ஆராதனையில் வாய்திறந்து பங்குபெற்றார்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி வெகுதூரம் ஒன்றும் பேசவில்லை. தேவாலய வாசலில் வண்டியைவிட்டு இறங்கியபின் சொன்னார்: "ஐயா, என் கேள்வி அப்படியேதான் இருக்கு. அதை நான் விடல. ஆனா அந்த மறுஒலிபரப்பு நேரத்தை மட்டும் மாத்திராதிய."

அன்பானவர்களே, அவருடைய கேள்வி எனக்கும் அப்படியேதான் இருக்கிறது. அது இருப்பது எனக்கு நல்லது. அதனால்தான் சில பாடல்களை, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், ஒதுக்கிவிடுகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிரசங்கத்தை மாலை ஆறு மணிக்குள் முடித்துவிட்டே நிலையத்துக்குப் போகிறேன். அம்மா அந்த முள்ளை நகர்த்தியதில் கள்ளத்தனம் இருந்ததா, தாகம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அப்பாவிடம் அதைப்பற்றிப் பேச அவர்களுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை என்பதே என் துக்கம். அந்த மூப்பரோ என்னிடம் பேசினார். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

நிகழ்ச்சியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். சொல்லவேண்டியவற்றைப் பாடலுக்கு முன்பே சொல்லி முடித்துவிடுகிறேன். இசை தொடங்கியதும் ஒலிவாங்கியை அணைத்துவிடுகிறேன். கிளாரினெட் பெரியவர் இப்போதும் மாதம் ஒருமுறை அழைக்கிறார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால் சற்று ஏமாற்றத்தோடு பேசுகிறார்.

இந்த வாரம் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. உங்கள் வீட்டிலோ தெருவிலோ முதியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் போங்கள். அறிவுரையும் மருந்துச்சீட்டும் அப்புறம் இருக்கட்டும். சிறுவயதில் என்ன பாட்டுக் கேட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் நினைவுகூரச் சற்று நேரமாகும். அந்த நேரத்தில் தயவுசெய்து குறுக்கே பேசாதிருங்கள். அவர் தொடங்கட்டும்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.