ஹெல்மெட் திருடு போனால் இன்ஷூரன்ஸ் காசு வருமா?

வராது.

பதில் அவ்வளவுதான்! அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். ஆனால் ஏன் வராது, எங்கே கேட்டால் கொஞ்சமாவது வரும், வராத இடத்தில் என்ன செய்வது என்பதெல்லாம் கொஞ்சம் நீளமான கதை. வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தேவைப்படும் கதை.

கப்பலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், நாலுவழிச் சாலையை ஒட்டிய ஊர். தியாகராஜர் மில் அங்கேதான் இருக்கிறது, சிட்கோ தொழிற்பேட்டையும் அங்கேதான். உத்தங்குடியிலிருந்து வரும் ரிங் ரோடு வந்து சேருவதும் அங்கேதான். டோல்கேட் பிரச்சினையால் அடிக்கடி செய்தியில் அடிபடும் ஊர். (டூ வீலருக்கு அந்த டோல்கேட்டில் காசு கிடையாது, அந்த மட்டில் நிம்மதி!) ஷிப்ட்டுக்கு வருகிறவர்களில் நிறைய பேர் வருவது பைக்கில்தான். வாசலில் வண்டி வரிசையாக நிற்கும். கண்ணாடியில் ஒரு ஹெல்மெட், பெட்ரோல் டேங்க் மேல் ஒரு ஹெல்மெட், சீட்டுக்குக் கீழே கொக்கியில் ஒரு ஹெல்மெட். மழைக்காலமென்றால் பெட்டியில் ரெயின்கோட். கொஞ்சம் வசதியான பையன்களிடம் ஜாக்கெட், கிளவுஸ், முழங்கால் கார்டு எல்லாம் உண்டு.

அதில் ஒருவருடைய ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பத்திரமாக நிற்கிறது. அவரிடம் பாலிசி இருக்கிறது, அதுவும் வெறும் தேர்ட் பார்ட்டி இல்லை, ஷோரூமில் "ஃபுல் கவர்" என்று சொல்லிக் கொடுத்தார்களே, அந்தப் பாலிசி. ஃபுல் என்றால் எல்லாமும்தானே?

இல்லை. இந்த "ஃபுல்" என்ற வார்த்தை பாலிசியில் எங்கேயுமே கிடையாது, விற்கிறவர் வாயில் மட்டும்தான் இருக்கிறது. பாலிசியில் இருக்கும் பெயர் பேக்கேஜ் பாலிசி. அதன் வாசகங்கள் பெரும்பாலும் 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபிலிருந்து வருபவை. 2007 ஜனவரியில் பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அடிப்படை வாசகங்கள் மாறவில்லை.

அந்த வாசகத்தில் கம்பெனி ஏற்றுக்கொள்வது இரண்டே விஷயம். ஒன்று வண்டி. இன்னொன்று வண்டியின் மேல் இருக்கும் ஆக்சஸரீஸ். ஹெல்மெட் இரண்டிலும் சேராது. அது வண்டியில் பொருத்தப்பட்டதில்லை, ஓட்டுகிறவரின் சொந்தப் பொருள். சட்டை, செருப்பு, டிபன் பாக்ஸ் மாதிரி.

சரி, கிராஷ் கார்டு, சைடு பாக்ஸ் மாதிரி வண்டியில் போல்ட் போட்டு முறுக்கியதெல்லாம் ஆக்சஸரீஸ்தானே, அதையாவது திருடினால் கிடைக்குமா? அங்கேதான் டூ வீலர்காரர்களுக்கென்றே தனியாக ஒரு வரி இருக்கிறது. ஆக்சஸரீஸ் மட்டும் திருடு போனால் கம்பெனி பொறுப்பில்லை, வண்டியும் சேர்ந்தே திருடு போனால்தான் உண்டு! கார் பாலிசியில் இந்த வரி கிடையாது. காரின் ஸ்டீரியோ போனால் கேட்கலாம், பைக்கின் பெட்டி போனால் கேட்க முடியாது.

அநியாயமாகத் தெரிகிறதா? கம்பெனி பக்கத்திலிருந்தும் பாருங்கள். பைக்குக்குக் கதவு கிடையாது, பூட்டிய அறை கிடையாது. ஒரு ஸ்பானர் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். எது திருட்டு, எது சொந்தக்காரரே கழற்றி விற்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஹெல்மெட்டுக்கு ஒரு சர்வேயரை அனுப்பினால், அவர் போய் வரும் செலவே அந்த அளவுக்கு ஆகிவிடும். அந்தச் செலவு கடைசியில் எல்லோர் பிரீமியத்திலும்தான் ஏறும். அதனால் சின்னச் சின்ன இழப்பையெல்லாம் வெளியே தள்ளிவிட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் பாலிசி விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லையே, அதுதான் வருத்தம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இப்போது சில கம்பெனிகள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு ஹெல்மெட்டுக்கும் ரைடிங் கியருக்கும் ஆட்-ஆன் கொடுக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் வாங்குமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். விபத்தில் உடைந்தால் மட்டுமா, திருட்டுக்கும் உண்டா? வண்டியோடு சேர்ந்து போனால்தானா, தனியாகப் போனாலுமா? இந்த க்ளெய்ம் வாங்கினால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடுமா?

மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். க்ளெய்மே வாங்காமல் ஓட்டினால் சேதப் பகுதி பிரீமியத்தில் முதல் வருடம் 20 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம். அந்தப் பிரீமியம் 1,200 ரூபாய் என்றால் 50 சதவீதத் தள்ளுபடி 600 ரூபாய். ஒரே ஒரு க்ளெய்மில் அது பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். முதல் வருடம் 600 ரூபாய் போச்சு, அடுத்த வருடம் 20 சதவீதம்தான் கிடைக்கும், 360 போச்சு... இரண்டே வருடத்தில் 960 ரூபாய் நஷ்டம். 1,500 ரூபாய் ஹெல்மெட்டுக்கு இதெல்லாம் தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வண்டி பாலிசி கைவிட்டால் வீட்டு பாலிசி கைகொடுக்குமா? கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் பெரும்பாலும் அதுதான் வழி. அங்கே வீட்டுக்கு எடுக்கும் பாலிசியில், வாடகைக்கு இருப்பவர் எடுக்கும் பாலிசியில் கூட, வீட்டுக்கு வெளியே இருக்கும் சொந்தப் பொருளுக்கும் பொதுவாகத் திருட்டு கவர் உண்டு. ஆனால் முதலில் சில நூறு டாலர் கையிலிருந்து போகும், அதற்கு மேல்தான் கம்பெனி. ஒரு ஹெல்மெட்டுக்கு அங்கேயும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

இந்தியாவில் 2021 ஏப்ரலில் இருந்து எல்லாக் கம்பெனிகளும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி முக்கியமாகத் தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் மாதிரியான ஆபத்துகளுக்கு. அதில் திருட்டு என்று வருவது, அப்படி ஒரு ஆபத்து நடந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான். சாதாரணத் திருட்டுக்கு பர்க்ளரி கவர் தனியாக வேண்டும். அதிலும் பூட்டை உடைத்து, பலாத்காரமாக உள்ளே புகுந்திருக்க வேண்டும். 2004-ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டது. வீட்டுக்குள் பீரோ பக்கத்தில் வைத்த ஜாக்கெட் பூட்டை உடைத்துத் திருடப்பட்டால் கேட்கலாம். திண்ணையில் நிற்கும் வண்டியில் தொங்கியது போனால் கேட்க முடியாது.

கடைசியாக ஆல் ரிஸ்க் பாலிசி என்று ஒன்று உண்டு. நகை, கேமரா மாதிரிப் பொருளுக்கு எடுப்பது. பெயரைக் கேட்டால் எல்லா ரிஸ்க்கும் அடங்கும் போலிருக்கும். அதன் விலக்குகளில் வழக்கமாக ஒரு வரி வரும். வாகனத்திலிருந்து திருடு போனால் கிடையாது, ஆனால் எல்லாக் கதவும் ஜன்னலும் பூட்டிய, முழுக்க மூடிய காராக இருந்தால் உண்டு.

கதவும் ஜன்னலும் பூட்டிய பைக்குக்கு எங்கே போவது!

அப்படியானால் பார்க்கிங் ஸ்டாண்டைக் கேட்கலாமா? கேட்கலாம், ஒரு விஷயம் இருந்தால். வண்டியை மட்டும் விட்டீர்களா, ஹெல்மெட்டைத் தனியாகக் கையில் கொடுத்து டோக்கன் வாங்கினீர்களா? கையில் கொடுத்து டோக்கன் வாங்கியிருந்தால், 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி அது ஒப்படைப்பு. வாங்கி வைத்தவர் தன் பொருளை ஒரு சாதாரண மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று டோக்கனில் அச்சடித்துவிட்டால் மட்டும் கவனக்குறைவிலிருந்து தப்பிக்க முடியாது. டில்லி தாஜ் மகால் ஹோட்டலில் 1998-ல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன ஒரு மாருதி ஜென் காணாமல் போன வழக்கில், 2019-ல் சுப்ரீம் கோர்ட் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. ஆனால் 21 வருடம் நடந்த வழக்கு அது! ஐந்து ரூபாய் டோக்கனுக்கு அவ்வளவு தூரம் யார் போவார்கள்? ஸ்டாண்ட்காரரிடம் அங்கேயே நின்று பேசி வாங்குவதுதான் நடக்கும். பேசும்போது சட்டம் உங்கள் பக்கம் என்று தெரிந்திருந்தால் குரலில் ஒரு தெம்பு வரும், அவ்வளவே.

போலீஸ் கம்ப்ளைண்ட்? கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய 379-க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) வந்திருக்கிறது. அதில் ஒரு புதுமை உண்டு. திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, ஆள் முதல் தடவை மாட்டியவர், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை. அதோடு 5,000-க்குக் குறைந்த திருட்டு, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கும் பட்டியலிலும் இல்லை. தனி ஹெல்மெட் என்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடும். ஜாக்கெட், கிளவுஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து போய் மதிப்பு அதற்கு மேல் இருந்தால் கதை வேறு. அதனால் போன பொருளை எல்லாம் ஒன்று விடாமல், பில்லோடு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாததைச் சேர்த்து எழுதக் கூடாது, அது வேறு குற்றம்.

இத்தனையும் பணக் கணக்கு. கப்பலூர் வாசலில் ஹெல்மெட் இல்லாமல் நிற்கிறாரே, அவருடைய கணக்கு வேறு.

ராத்திரி ஷிப்ட் முடிந்து அவர் வீட்டுக்குப் போக வேண்டும். லாரியும் ஆம்னி பஸ்ஸும் விரட்டிக்கொண்டு போகும் நாலுவழிச் சாலை. தலையில் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் 2007-ல் ஒரு முறை வந்து தளர்ந்தது, மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவால் 2015 ஜூலை 1-ல் திரும்ப வந்தது. 2022 அக்டோபரிலிருந்து அபராதம் 1,000 ரூபாய். "சார், திருடு போச்சு" என்றால் விடுவார்களா? விட்டாலும் விடாவிட்டாலும், ரோட்டில் விழுந்தால் தரை விடாது.

இப்போது அவர் பாலிசியை மறுபடி திருப்பிப் பாருங்கள். அதில் ஓனர்-டிரைவர் விபத்து கவர் என்று ஒன்று இருக்கும், கட்டாயக் கவர். முன்பு டூ வீலருக்கு 1 லட்சமாக இருந்தது, 2018-ல் வந்த உத்தரவால் 15 லட்சம் ஆனது. அந்த ராத்திரி அவர் விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம். அவரைச் சாகாமல் காப்பாற்றியிருக்கும் 1,500 ரூபாய்ப் பொருளுக்கு ஒன்றும் இல்லை!

இதில் இன்னொரு வேடிக்கை. புது வண்டி விற்கும்போது கூடவே ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. விற்கும்போது வண்டியோடு சேர்ந்தது, ஓட்டும்போது கட்டாயமானது, திருடு போகும்போது மட்டும் "உங்கள் சொந்தப் பொருள்". ஒழுங்குமுறை ஆணையம் நினைத்தால், வருடத்துக்கு ஒரு ஹெல்மெட், பில்லும் சி.எஸ்.ஆர். ரசீதும் காட்டினால் போதும், சர்வேயர் வேண்டாம், போனஸும் போகாது என்று அடிப்படை பாலிசியிலேயே ஒரு சின்னத் தொகை வைக்கச் சொல்லலாம். பிரீமியம் கொஞ்சம்தான் கூடும். ஒரு தலை மிஞ்சும்.

அதுவரை என்ன செய்வது?

ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிடாதீர்கள். கொக்கியில் மாட்டினாலும் வாரை அறுத்துக்கொண்டு போகலாம், வார் அறுந்த ஹெல்மெட் யாருக்கும் உதவாது, ஆனால் திருடனுக்கு அது தெரிய வேண்டுமே! முகவாய்ப் பகுதி வழியாக ஒரு சின்ன கேபிள் லாக் போட்டு வண்டியோடு பூட்டுங்கள், அல்லது கையோடு எடுத்துப் போங்கள். பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஹெல்மெட்டின் உள்ளே பெயரும் வண்டி நம்பரும் எழுதுங்கள். ரோட்டோரம் பாதி விலைக்குக் கிடைக்கும் ஹெல்மெட்டை வாங்காதீர்கள், அது இன்னொருவர் தலையில் இருந்ததாக இருக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்கவே கூடாது என்பது 2021 ஜூன் முதல் சட்டம்.

கம்பெனி தர வேண்டியதைத் தரவில்லை என்று தோன்றினால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் பாலிசியிலேயே இல்லாததை அவராலும் வாங்கித் தர முடியாது.

தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்று செய்யலாம். செக்யூரிட்டி அறையில் இரண்டு உபரி ஹெல்மெட் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். யாருடையது திருடு போனாலும் அன்று ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு போய், மறுநாள் கொண்டு வந்து வைக்கட்டும். மூவாயிரம் ரூபாய்கூட ஆகாது. இன்ஷூரன்ஸ் என்பதே பலர் கொஞ்சம் கொஞ்சம் போட்டு ஒருவர் நஷ்டத்தைத் தாங்குவதுதானே? கம்பெனி செய்யாததை ஒரு ஷிப்ட் ஆட்கள் செய்துவிடலாம்.