ஸ்டீஃபன் கிங்: அச்சத்துக்கு அடியில் இருக்கும் துக்கம்

ஸ்டீஃபன் கிங்கை வாசிப்பதை நெடுநாள் நான் வெளியில் சொன்னதில்லை. இலக்கியக் கூட்டங்களில் பழகிய நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது தஸ்தயேவ்ஸ்கியும் செகாவும் அலமாரியின் முன்வரிசையில் நிற்பார்கள். நடைபாதைக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த கிங் நாவல்கள் பின்வரிசையில் படுத்திருக்கும். தீவிர இலக்கியம் ஒருபுறம், வணிக எழுத்து மறுபுறம் என்று கோடு கிழித்துப் பழகிய வாசகனுக்கு, கோடிக்கணக்கில் விற்கும் ஒரு திகில் எழுத்தாளரைக் கொண்டாடக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. 2003ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை, அமெரிக்க இலக்கியத்துக்கு ஆற்றிய பங்களிப்புக்கான பதக்கத்தை கிங்குக்கு அளித்தபோது, விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ப்ளூமின் ரசனையை மதிப்பவன் நான். கிங்கிடம் குறை காண்பதும் கடினமல்ல. 'இட்' (1986) ஆயிரம் பக்கங்களைத் தாண்டுகிறது. அதில் கணிசமான பகுதியை இழப்பில்லாமல் வெட்டிவிடலாம். அவருடைய பல நாவல்களின் முடிவுகள் தொடக்கத்தின் வலிமைக்கு ஈடாவதில்லை. ஆனால் பேய் வருவதாலேயே ஒரு கதை தாழ்ந்துவிடாது என்பதை, புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை வாசித்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிங்கை நான் ஏன் பெரிய எழுத்தாளராகக் கருதுகிறேன் என்பதற்கு ஒரேயொரு நாவலை முன்வைக்கிறேன். 1983ல் வெளியான 'பெட் செமட்டரி'.

லூயிஸ் க்ரீட் ஒரு மருத்துவன். மனைவி, மகள், நடை பழகிய சின்ன மகன் ஆகியோருடன் மெய்ன் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் குடியேறுகிறான். வீட்டின் முன்னால் லாரிகள் பறக்கும் சாலை. பின்னால், அச்சாலையில் அடிபட்டுச் சாகும் வளர்ப்புப் பிராணிகளுக்காகக் குழந்தைகள் அமைத்த இடுகாடு. அதற்கும் அப்பால் வேறொரு நிலம். அங்கே புதைக்கப்படுவது திரும்பி வரும். மகளின் பூனை அப்படித்தான் வருகிறது, பழைய பூனையாக அல்ல. பிறகு ஒருநாள் அதே சாலையில் மகன் இறக்கிறான்.

இந்தச் சாலை கற்பனையல்ல. கிங் மெய்ன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் அவர் குடும்பம் அப்படியொரு சாலையோரம் வசித்தது. மகளின் பூனை அங்கே அடிபட்டது. அதே சாலையை நோக்கி ஓடிய மகன் மயிரிழையில் தப்பினான். எழுதி முடித்தபின், இது வெளியிட முடியாத அளவுக்கு இருண்டது என்று நாவலைச் சில ஆண்டுகள் ஒதுக்கிவைத்தார் கிங்.

நாவலின் மிகக் கொடிய பக்கங்களில் பேயே இல்லை. மகனின் உடல் பார்வைக்கு வைக்கப்பட்ட இடத்தில் லூயிஸும் மாமனாரும் கைகலக்கிறார்கள். சின்னஞ்சிறு சவப்பெட்டி சரிந்து விழுகிறது. இன்னொரு அத்தியாயத்தில் அந்த விபத்தே நடக்கவில்லை. லூயிஸ் மகனைக் கடைசிக் கணத்தில் பிடித்துவிடுகிறான். பையன் வளர்கிறான், கல்லூரிக்குப் போகிறான், ஒலிம்பிக் நீச்சல் வீரனாகிறான். பின் அந்தக் கனவு கலைகிறது.

அந்த அத்தியாயத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு என் சித்தியின் நினைவு வந்தது.

சித்தியின் மகன் ஆறு வயதில் கோயில் குளத்தில் மூழ்கி இறந்தான். எனக்கு அப்போது பத்து வயது. அவனுடைய செருப்பைச் சித்தி வாசற்படியோரம் பல ஆண்டுகள் வைத்திருந்தாள். பெரியவர்கள் அவன் பெயரை எடுக்கக்கூடாது என்றார்கள். நாங்கள் எடுக்கவில்லை. உண்மையில் எனக்கு அந்தச் செருப்பைப் பார்க்க பயம். அதனாலேயே அந்த வீட்டுக்குப் போவதைத் தவிர்த்தேன். பயத்தை மரியாதை என்று சொல்லிக்கொண்டேன்.

நாவலை முடித்த சில வாரங்களில் ஊருக்குப் போனபோது சித்தியிடம் அவன் பெயரைச் சொன்னேன். அவள் அழவில்லை. "இருந்தா இந்த ஆவணிக்கு முப்பது முடிஞ்சிருக்கும்டா" என்றாள். என்ன படித்திருப்பான், எங்கே வேலை பார்த்திருப்பான் என்று அடுத்தடுத்துச் சொன்னாள். ஆண்டுதோறும் அவனுக்கு வயது ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். லூயிஸ் ஒரு அத்தியாயத்தில் செய்ததைச் சித்தி இருபத்து நான்கு ஆண்டுகள் செய்திருந்தாள்.

திரும்பி வருவது தன் மகனாக இருக்காது என்று லூயிஸுக்குத் தெரியும். பூனையைப் பார்த்தவன் அவன். தெரிந்தும் மண்வெட்டியோடு போகிறான். நாவலின் திகில் இங்கேதான் இருக்கிறது. வாசிக்கிற நாமும், போகாதே என்று அவனிடம் சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிடுகிறோம். கிங்கின் பேய்களுக்கு அடியில் எப்போதும் இப்படியொரு வீட்டுத் துயரம் உண்டு. 'தி ஷைனிங்' (1977) நாவலிலும் விடுதியின் ஆவிகளைவிட, முன்பொருமுறை குடிவெறியில் மகனின் கையை முறித்த தகப்பன்தான் நம்மை நடுங்க வைக்கிறான். அவனை எழுதியபோது தன்னையே எழுதிக்கொண்டிருந்ததைத் தான் உணரவில்லை என்று, குடிப்பழக்கத்திலிருந்து மீண்டபின் 'ஆன் ரைட்டிங்' (2000) நூலில் கிங் ஒப்புக்கொள்கிறார். தந்தை விட்டுச்சென்ற வீட்டில் வளர்ந்தவர். சலவைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பின் பள்ளி ஆசிரியரானவர். அவருடைய மனிதர்களுக்குக் கடனும் குற்றவுணர்வும் இருப்பதில் வியப்பில்லை.

ஒரு நல்ல நாவல் நம்மை எந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே என் அளவுகோல். செம்மையான மொழியில் எழுதப்பட்ட எத்தனையோ துக்கக் கதைகளை வாசித்திருக்கிறேன். அவை எவையும் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பவில்லை.

இந்த நாவலைப் பற்றிச் சித்தியிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை.