அரிக்கமேட்டுக்கு மெட்டல் டிடெக்டர் எடுத்துப் போனால்...

மெட்டல் டிடெக்டர் என்றதும் இங்கே பலருக்கும் நினைவுக்கு வருவது ரயில் நிலைய வாசலில் நிற்கும் அந்தச் சட்டம்தான். உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் பீப் என்று கத்தும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இது ஒரு பொழுதுபோக்குக் கருவி. இங்கே விடுமுறை நாளில் தூண்டிலோடு ஏரிக்கரைக்குக் கிளம்புகிறவர்களைப் போல, அங்கே நீளமான கம்பின் நுனியில் வட்டத் தட்டு மாட்டிய கருவியோடு வயலுக்கும் கடற்கரைக்கும் கிளம்புகிறார்கள். காதில் ஹெட்போன், கையில் சின்ன மண்வெட்டி. தட்டைத் தரையை ஒட்டி இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடப்பார்கள். சத்தம் வந்தால் தோண்டுவார்கள். பெரும்பாலும் வருவது துருப்பிடித்த ஆணியும் சோடா மூடியும்தான். எப்போதாவது ஒரு பழைய நாணயம், ஒரு மோதிரம். அந்த 'எப்போதாவது'க்காகத்தான் இவ்வளவு நடையும்!

இந்தக் கருவி இப்போது இணையத்தில் ஆர்டர் செய்தால் இங்கேயும் வீடு தேடி வருகிறது. சரி, புதுச்சேரியில் ஒருவர் இதை வாங்கினால் முதலில் எங்கே போகத் தோன்றும்? கேட்கவே வேண்டாம், அரிக்கமேடுதான். ரோமானியர்களோடு வணிகம் நடந்த இடம் என்று பள்ளிப் பாடத்திலேயே வருகிறதே. ரோமானியர் என்றால் தங்கக் காசு. தங்கக் காசு என்றால்...

அங்கே ஏன் கருவியோடு போகக்கூடாது, போனாலும் ஏன் முக்கியமானது எதுவும் கிடைக்காது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கருவி எப்படி வேலை செய்கிறது?

வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகும். (பிளஸ் டூ இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.) அந்தப் புலத்துக்குள் ஓர் உலோகம் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உருவாக்கும். கருவி அதை உணர்ந்து ஒலியாக மாற்றிவிடும். அவ்வளவுதான்.

யோசனை பழையது. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடம்பில் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து பார்த்தார். தொலைபேசியைக் கண்டுபிடித்த அதே பெல்தான். குண்டு கிடைக்கவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்களும் கருவியைக் குழப்பியிருக்கும் என்கிறார்கள்.

இன்றைய கருவிகளுக்கும் குழப்பம் உண்டு. மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பான டின்னிலிருந்து பிய்த்த அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சத்தம் தரும். உப்புத் தண்ணீரில் நனைந்த மணலே சில கருவிகளுக்கு உலோகம் போலத் தெரியும். ஆழமும் குறைவுதான். ஒற்றை நாணயம் என்றால் சுமார் ஒரு சாண் ஆழம் வரை எதிர்பார்க்கலாம். 'இருபது அடி ஆழத்தில் இருக்கும் தங்கத்தை மட்டும் காட்டும்' என்று யாராவது ஒரு கருவியை லட்சக்கணக்கில் விற்க வந்தால், அது இருடியக் கலசம், ரைஸ் புல்லிங் வகை ஏமாற்று என்று தைரியமாகச் சொல்லி அனுப்பிவிடலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. இந்தக் கருவி உலோகத்துக்கு மட்டும்தான் வாய் திறக்கும். பானை ஓடு, கண்ணாடி மணி, செங்கல், கரி, எலும்பு எதுவும் அதற்குத் தெரியாது.

மணி விற்ற சிறுவர்கள்

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது அரிக்கமேடு. மாமரமும் தென்னையுமாக ஒரு மேடு, பாழடைந்த பிரெஞ்சுக்காலக் கட்டடத்தின் சுவர்கள், அவ்வளவுதான். முதல் தடவை போகிறவர்கள் 'இதுவா?' என்று கேட்பார்கள்.

அந்த மேட்டை ஊர்க்காரர்களுக்கு எப்போதும் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில், வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், அங்கே மக்கள் பெரிய பெரிய பழைய செங்கற்களைத் தோண்டி எடுத்துப்போவதைக் குறித்து வைத்திருக்கிறார். (பாவம், அவர் காத்திருந்த 1769 ஜூன் மாத நாளில் மேகம் வந்து மறைத்துவிட்டது.)

1937 வாக்கில் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், அரிக்கமேட்டுச் சிறுவர்கள் மழைக்குப் பின் பொறுக்கி வைத்திருந்த மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். அவருக்குக் கிடைத்தவற்றில் மனிதத் தலை செதுக்கிய ஒரு சிறு கல்லும் இருந்தது. நாணயங்களைப் படித்துப் பழகிய அவர் அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று முடிவு செய்து, அரிக்கமேடு ஓர் உண்மையான ரோமானிய நகரம் என்று அறிவித்தார். அதன் பிறகு 1940-களின் தொடக்கத்தில், முறையான தொல்லியல் பயிற்சி இல்லாதவர்களே அங்கே குழிகள் தோண்டினார்கள். பொருட்கள் கிடைத்தன. ஆனால் எது எதற்கு மேலே இருந்தது, எது எதற்குக் கீழே இருந்தது என்பது சரியாகப் பதிவாகவில்லை.

இந்திய தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், 1944-இல் சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டிலிருந்து வந்திருந்த ஓர் ஓட்டுத் துண்டைப் பார்த்தார். அது மத்தியதரைக் கடல் நாடுகளில் மது, எண்ணெய் எல்லாம் ஏற்றி அனுப்பும் ஆம்போரா என்ற இரண்டு கைப்பிடிச் சாடியின் துண்டு. உடனே புதுச்சேரிக்கு வந்து பார்த்தவருக்கு இன்னும் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பெயரால் அரெட்டைன் என்று அழைக்கப்படும் பளபளப்பான சிவப்புக் கலத்தின் துண்டுகள். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில். பிரெஞ்சுக்காரர்களின் ஒத்துழைப்போடு 1945-இல் வீலர் அங்கே முறையாகத் தோண்டினார். அடுத்து 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி.

ஒரு ஓட்டுத் துண்டில் என்ன இருக்கிறது?

அரெட்டைன் கலங்கள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த விஷயம். அதனால் அந்தத் துண்டு கிடைக்கும் மண் அடுக்குக்கு ஒரு தேதி போட முடிந்தது, கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என்று. அதே அடுக்கில் அதனோடு கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அந்தத் தேதி பொருந்தியது. அதே மாதிரிப் பானைகள் கர்நாடகத்தின் சந்திரவல்லி போன்ற வேறு இடங்களில் கிடைத்தபோது அந்த இடங்களுக்கும் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலண்டர் கிடைத்தது. கொடுத்தது தங்கமல்ல, உடைந்த தட்டு!

பின்னால் வந்த பெக்லியின் ஆய்வு, ரோமக் கலங்கள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அதற்குப் பிறகும் வெகுகாலம் தொடர்ந்தது என்று காட்டியது. அதாவது ரோமானியர் வந்து கட்டிய நகரம் அல்ல. ஏற்கெனவே மணி கோத்து, பானை வனைந்து வாழ்ந்த மக்களின் ஊருக்கு ரோம வணிகம் வந்து சேர்ந்தது. எவ்வளவு பெரிய வித்தியாசம்! இதைச் சொன்னதும் மண் அடுக்குகள்தான்.

இப்போது டிடெக்டரோடு ஒருவர் அங்கே நுழைந்தார் என்று வைத்துக்கொள்வோம். அரெட்டைன் ஓட்டுக்கு மேலே நடந்து போவார், கருவி பேசாது. ஆம்போராத் துண்டைத் தாண்டுவார், பேசாது. கண்ணாடி மணிகள் மேல் போவார், பேசாது. ஒரு செம்புக் காசு இருந்தால் பேசும். அதை எடுக்க அவர் வெட்டும் குழி இரண்டாயிரம் வருட அடுக்குகளை ஒன்றாகக் கலக்கிவிடும். கலந்த அடுக்கைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. கிடைத்த காசோ, இடம் இழந்த வெறும் காசு.

தங்கம் கிடைத்த கதைகள்

தமிழ்நாட்டில் ரோமத் தங்கம் கிடைக்காமல் இல்லை. 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 ரோமத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கோடு. ஏன் வெட்டினார்கள்? இனி இது நாணயமாகச் செல்லாது, எடை போட்டுத் தங்கமாகத்தான் மதிப்பு என்று காட்டத்தான் என்பது ஒரு விளக்கம். மொத்தமாகக் கிடைத்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. கண்டெடுத்தவர்கள் ஒன்றிரண்டாக நகைக்கடைக்குக் கொண்டுபோயிருந்தால் இன்று கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் இடத்தைச் சுத்தம் செய்தபோது 505 தங்கக் காசுகள் இருந்த பாத்திரம் வெளிப்பட்டது. எடை 1.716 கிலோ. அது அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு புதையல்களுமே கருவி வைத்துத் தேடிக் கிடைத்தவை அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் கிடைத்த காசுகள் இல்லாவிட்டால், 'மாக்கோதை', 'கொல்லிப்புறை' போன்ற பெயர்கள் பொறித்த சேரர் காசுகள் தெரியவந்திருக்குமா என்பது சந்தேகம். நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் அத்தகைய காசுகளைத் தேடி வாங்கிப் படித்து எழுதினார்கள். பொழுதுபோக்குத் தேடலை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயமான வாதம் இது. ஆனால் அந்தக் காசுகள் பேசியதற்குக் காரணம் அவற்றின் மேல் எழுத்து இருந்ததுதான். எழுத்தில்லாத காசுக்கு அது கிடந்த இடம்தான் எழுத்து. ஆற்று மணலில் அந்த இடம் ஏற்கெனவே கலைந்துவிட்டது. அரிக்கமேட்டில் இன்னும் கலையாமல் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். (1878-இல் பத்து ரூபாய் பெரிய பணம்.) மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஒழுங்காகச் சொன்னால்? உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். பலரும் நினைப்பது போல 'சொன்னால் எல்லாம் போய்விடும்' என்பது இல்லை. ஆனால் அரிக்கமேடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே அனுமதி இல்லாமல் தோண்டவே கூடாது.

அந்த ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். இங்கிலாந்தில் 1992-இல் ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர், விவசாய நண்பரின் தொலைந்துபோன சுத்தியலைத் தேட டிடெக்டரோடு போனார். கிடைத்தது சுமார் 15,000 ரோமக் காசுகளும் தங்க நகைகளும் கொண்ட புதையல். அவர் கொஞ்சம் தோண்டியதும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து, புதையலை வைத்திருந்த மரப்பெட்டியின் அடையாளம் முதற்கொண்டு பதிவு செய்தார்கள். அவருக்குக் கிடைத்த வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு, அதை நிலத்தில் பயிர் செய்த நண்பரோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் கிடைத்தது, இன்று அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்! அங்கே நிறுத்தச் சொன்னது அவருடைய மனசாட்சி மட்டுமல்ல, நிறுத்தினால் நஷ்டமில்லை என்ற நம்பிக்கையும்தான். அந்த நம்பிக்கை இங்கேயும் வளர வேண்டும்.

அப்போது கருவியை எங்கே எடுத்துப்போவது?

கடற்கரைக்கு. தொல்லியல் இடமாக இல்லாத, தினமும் அலை புரட்டிப் போடும் மணலில் அடுக்கு என்று எதுவும் இல்லை. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகளின் தீர்த்தவாரிக்கு எவ்வளவு கூட்டம்! கடலில் குளிக்கிற விரல்களிலிருந்து மோதிரம் நழுவுவது புதிதல்ல. தங்கம் மணலைப் போல ஏழு மடங்கு கனம், அலை அசைக்க அசைக்கக் கீழே இறங்கிவிடும். கையால் துழாவிக் கிடைக்காததைக் கருவி காட்டும். 2020 நவம்பரில் நிவர் புயலுக்குப் பிறகு ஆந்திராவின் உப்பாடா கடற்கரையில் ஊரே மணலில் தங்கத் துணுக்குகளைத் தேடியது நினைவிருக்கலாம்.

ஆனால் நேற்று தொலைந்த மோதிரம் புதையல் அல்ல, அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், கண்டெடுத்தவர் அதைப் பாதுகாத்து உரியவரிடம் சேர்க்கும் பொறுப்புள்ளவர் என்கிறது. வெளிநாடுகளில் தொலைந்த மோதிரங்களைத் தேடிக் கொடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. புதுச்சேரிக்கும் அப்படி நாலு பேர் இருந்தால் எத்தனையோ தாலியும் மோதிரமும் வீடு திரும்பும்.

கடைசியாக ஒன்று. பிரெஞ்சுக்காலப் புதுச்சேரியில் டூடூ என்ற சின்னச் செம்புக் காசு புழங்கியது. ஒரு பக்கம் பிரெஞ்சு அரசர்களின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் ஊர்ப்பெயர். 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய ஊர் இது. இன்றைய தெருக்களுக்குக் கீழே பழைய ஊர் கிடக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ சாக்கடை வெட்டும்போதோ அப்படி ஒரு காசு கிடைத்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எந்தத் தெரு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓடு இருந்ததா, செங்கல் இருந்ததா என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். அதன் பிறகு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். காசை யார் வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். அந்தத் தாளை எடுத்தவர் மட்டும்தான் எழுத முடியும்.