ஊர் கூடினால் தேர் நகரும்

தேர்தல் என்றதும் எவர் நினைவிலும் முதலில் எழுவது கட்சியே. கட்சி சாராத ஒருவர் முன்வந்தால், "வாக்கைப் பிரிக்க வந்தவர்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றோம். ஆயினும், கண்டியில் நம்மிடம் பயிலும் மாணவர் சிலர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பினர். கலஹா, புசல்லாவை, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் அவர்கள். "சேர், கட்சிகளை நம்பி அலுத்துவிட்டோம். எங்கள் சனங்களே ஒருவரை நிறுத்தினால் என்ன?" என்றனர். நியாயமான கேள்வி, ஆற அமரச் சிந்தித்தற்குரியது.

2024 செப்டெம்பர் 21ஆந் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலை நோக்குவோம். வடக்குக் கிழக்கிலே குடிசார் அமைப்புகள் தமிழ் மக்கள் பொதுச்சபையாகக் கூடி ஆலோசித்தன. சில கட்சிகளையும் உடன்படச் செய்தன. அதன் பின்னரே பா. அரியநேத்திரனைச் சங்குச் சின்னத்திற் சுயேச்சையாக நிறுத்தின. அவர் சார்ந்த தமிழரசுக் கட்சியோ சஜித் பிரேமதாசாவை ஆதரித்தது. அப்படியிருந்தும் அவர் 226,343 வாக்குகள் பெற்றார். அதே ஆண்டு நவம்பரிற் சங்கு ஒரு கட்சிக் கூட்டணியின் கைக்குச் சென்றது. பாராளுமன்றத்திற் கிடைத்த ஆசனம் ஒன்றே. வலிமை சின்னத்தில் இல்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அந்த ஜனாதிபதித் தேர்தலில் நம் மலையகத்திலிருந்து மயில்வாகனம் திலகராஜும் சுயேச்சையாக நின்றார். அவருக்குக் கிடைத்த வாக்குகள் மூவாயிரத்தையும் எட்டவில்லை. இதனை அவரது தகுதிக் குறைவென்று கொள்ளலாகாது. தோட்டத்திலே கட்சியும் தொழிற்சங்கமும் பெரும்பாலும் ஒன்றே. சம்பளப் பேச்சும் லயத்துப் பிரச்சினையும் சங்கத் தலைவர் வழியே தீரவேண்டியிருக்க, மாதச் சந்தா கட்டும் தொழிலாளி அவரை மீறி வாக்களிக்கத் தயங்குவது இயல்பு. ஆகவே இங்கு சுயேச்சை அபேட்சகர் எதிர்ப்பது கட்சியை மட்டுமன்று. ஏழையின் ஒரே பிடிமானத்தையுமாம்.

கண்டி மாவட்டத்துக்கு மற்றுமொரு தடையும் உண்டு. 2024இல் இம்மாவட்டத்துக்குரிய ஆசனங்கள் 12. சுயேச்சைக் குழு 15 பெயர்களைத் தரவேண்டும். தலைக்கு 2,000 ரூபா கட்டுப்பணம். அதுவன்று பாரம். செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்தை எட்டாத குழு, ஆசனப் பங்கீட்டிலேயே சேராது. ஹந்தானை முதல் நாவலப்பிட்டி வரை சிதறி வாழும் நாம் தனித்து நின்றால், வாக்குகள் அத்தனையும் வீணாகலாம். 2015இலும் 2020இலும் வேலு குமார் ஒரு பெரிய அணியின் பட்டியலில் நின்று, விருப்பு வாக்குகளால் வென்றார். அவ்வாய்ப்பையும் நாமே குறைத்துக்கொள்ளக்கூடும்.

அப்படியாயின் வாளாவிருப்பதா? அன்று. அவுஸ்திரேலியாவின் இண்டித் தொகுதியிலே, மக்கள் முதலில் அபேட்சகரைத் தேடவில்லை. வீட்டுச் சமையலறைகளிற் சிறு குழுக்களாய்க் கூடித் தங்கள் குறைகளைப் பேசினர். அந்த இயக்கத்தின் பலத்தில் 2013இல் கதி மக்கவன் 439 வாக்குகளால் ஆளுங்கட்சியாகப்போன அணியின் உறுப்பினரையே தோற்கடித்தார். 2019இல் அவர் விலகியபோது, மற்றொரு சுயேச்சை அபேட்சகரான ஹெலன் ஹெயின்ஸ் அதே தொகுதியை வென்றார். ஆள் மாறியும் வெற்றி மாறவில்லை. பின்னே ஊர் நின்றது.

நமக்கும் கூடுமிடங்கள் உள்ளன: கோயிற் பரிபாலன சபை, மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், வாசிகசாலை. அங்கே காணியுரிமை, பாதை, பாடசாலை என்று நம் தேவைகளை எழுதிவைப்போம். கட்சி எதுவாயினும் வாக்குக் கேட்டு வருபவரிடம் அதனை நீட்டுவோம். ஒருவரை நிறுத்தியே தீரவேண்டுமெனின், பிரதேச சபை வட்டாரத்திலிருந்து தொடங்குவோம். சில நூறு குடும்பங்கள் ஒன்றுபட்டால் அங்கே வெல்லுதல் கூடும். அயலிலுள்ள சிங்கள, முஸ்லிம் குடும்பங்களையும் அழைப்போம்; பாதையும் குடிநீரும் அவர்களுக்கும் வேண்டியவையே.

மாணவ நண்பர்களே, யாரை நிறுத்துவது என்பது கடைசிக் கேள்வி. நாம் கூடிவிட்டோமா என்பதே முதற் கேள்வி.