வீடணன் வீரனா?

இவ்வாண்டு எங்கள் வகுப்புப் பட்டிமன்றத்தின் தலைப்பு, "கம்பராமாயணத்தில் பெரிதும் போற்றத்தக்கவன் கும்பகருணனா, வீடணனா?" என்பது. திருச்சியில் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு வேறு ஏது? கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் திருவரங்கம் கோயிலில், தாயார் சன்னிதிக்கு அருகில் இருக்கிறது. வீடணன் இலங்கைக்கு எடுத்துச் சென்ற அரங்க விமானத்தைப் பிள்ளையார் சிறுவனாக வந்து காவிரிக்கரையில் இறக்கி வைத்தார் என்றும், வீடணன் அவரைத் துரத்திப்போய் மலைக்கோட்டை உச்சியில் நெற்றியில் குட்டினான் என்றும் நம் ஊர்க் கதை கூறுகிறது.

நான் கும்பகருணன் கட்சி. சீதையை விட்டுவிடுமாறு அவன் அண்ணனுக்கு எடுத்துச் சொன்னான். அண்ணன் கேளாதபோது, உண்ட சோற்றை மறவாமல் போர்க்களம் சென்று மாண்டான். கிரேக்கரின் இலியத் காவியத்தில் வரும் எக்டரும் அப்படித்தான். தம்பி பாரிசைக் கண்டித்தான்; ஆயினும் டிராய் நகருக்காக உயிரைக் கொடுத்தான். "இவர்களே வீரர்கள்! வீடணன் வீட்டைக் காட்டிக்கொடுத்தவன்!" என்று முழங்கினேன். கைத்தட்டலும் முதற்பரிசும் கிடைத்தன.

ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்கு முந்திய வாரம் என் உயிர்த்தோழி நூலகப் புத்தகம் ஒன்றிலிருந்து படங்களைக் கிழித்து எடுத்ததை நான் கண்டேன். பழியோ, அப்புத்தகத்தைக் கடைசியாக வாங்கிச் சென்றிருந்த ஏழாம் வகுப்புச் சிறுமியின் மீது விழுந்தது. அவள் அபராதம் கட்டினாள். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நட்புக்காக நான் வாய் திறக்கவில்லை.

கும்பகருணன் தன் உறுதிக்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்தான். என் உறுதிக்கு விலை கொடுத்தவள் அந்தச் சிறுமியல்லவா? பட்டிமன்றத்தில் நான் சிறையிலிருந்த சீதையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கவலைப்பட்டுப் பேசவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காட்டிக்கொடுப்பவன் முதுகுக்குப் பின்னால் பேசுவான். வீடணனோ நிறைந்த சபையில், அண்ணனின் முகத்துக்கு நேரே அறத்தைச் சொன்னான். விரட்டப்பட்ட பின்னரே வெளியேறினான். இந்திரசித்தின் வேள்வியைப் பற்றி அவன் இராமன் பக்கத்தாருக்குச் சொன்னது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. அவனைக் குறையற்றவன் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இராவணன் மாண்டபோது அவன் உடல்மீது விழுந்து அழுதவனும் வீடணனே. பாசமில்லாதவனுக்கு அந்த அழுகை வருமா?

மறுநாள் நான் ஆசிரியையிடம் செல்லவில்லை. முதலில் தோழியிடமே சென்றேன். "நீயே போய்ச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்றேன். அவள் அழுதாள், கோபித்தாள், பிறகு சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். சிறுமிக்கு அபராதப் பணம் திரும்பக் கிடைத்தது. என் தோழி இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

சென்ற ஞாயிறு அப்பாவுடன் மலைக்கோட்டை ஏறினேன். காவிரிக்கு அப்பால், 1987இல் கட்டி முடிக்கப்பட்ட இராசகோபுரம் உயர்ந்து நின்றது. அங்கே அரங்கன் தெற்கே இலங்கையை நோக்கிப் பள்ளிகொண்டிருப்பது வீடணனுக்காகவே என்பார்கள். பரிசு பெற்ற என் பேச்சை நானே மறுக்கிறேன்: வீடணனும் வீரனே. அந்த வீரம் எவ்வளவு தனிமையானது என்பதை, வகுப்பில் என் பக்கத்தில் காலியாக இருக்கும் இடம் நாள்தோறும் எனக்குச் சொல்கிறது. என் தோழி ஒருநாள் அங்கே வந்து அமர்வாள் என்று நம்புகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி