ஏழு பெட்டி, ஒரு தாத்தா

மக்களே, எட்டு செமஸ்டர் மெக்கானிக்கல் படிச்சும் ஏழு குட்டிப் பெட்டிகளை என்னால் ஒண்ணா ஓட்ட முடியல. சிரிச்சுட்டுத் தொடர்ந்து படிங்க.

திருவண்ணாமலையில் எங்கள் வீடு சின்னது. அதனால் மாடல் ரயிலில் 'என்' ஸ்கேல் எடுத்தேன்: நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய செட். இரண்டு பலகையைச் சேர்த்து அதன்மேல் ஒரு வட்டப் பாதை போட்டேன். மீட்டர் கேஜ் காலத்தில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த தாத்தாவுக்குக் காட்டணும்னுதான் எல்லாம். ஓட்டிக் காட்டும்போதுதான் உறைத்தது. அவருக்கு இரண்டு வருஷமா பார்வை மங்கல். கட்டைவிரல் அகலப் பெட்டி அவருக்கு எப்படித் தெரியும்?

"ஓட்டுடா, சத்தம் கேக்குதே" என்றார்.

செட்டோடு வந்தது பழைய கொக்கி கப்ளர். எளிதில் கழலாது, ஆனால் பெட்டிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விடும். அழகுக்காக நக்கிள் கப்ளருக்கு மாற்றினேன். இரண்டு கை விரல்களை மடக்கிக் கோர்த்துப் பாருங்கள், அதுதான் நக்கிள். 1873-ல் அமெரிக்காவில் ஈலை ஜேனி பேட்டன்ட் வாங்கிய யோசனை. நம்ம எல்.எச்.பி. பெட்டிகளில் இருப்பதும் அந்த வம்சம்தான்.

கப்ளரை பெட்டியின் அடியில் பொருத்தினால் ரிவர்ஸ் நன்றாக வரும். ஆனால் என் வளைவு ரொம்ப இறுக்கம், பெட்டியைப் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்த்துவிடும். அதனால் போகியிலேயே விட்டேன். எல்லாக் கப்ளரும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்து, தொங்கியவற்றைச் சரிசெய்தேன். அப்படியும் பலகை சேரும் இடத்தில் ஐந்தாவது பெட்டி கழன்றது. மூன்று நாள். பத்து முறையாவது பிரித்து மாட்டியிருப்பேன்.

தாத்தா தலையைச் சாய்த்துக் கேட்டார். "கடைசிப் பெட்டி லூசா ஓடுதுடா. முன்னாடி வந்து இடிக்குது, அப்புறம் பின்னாடி போவுது. பிரேக் வேன்ல கார்டு கை பிரேக்கை லேசா புடிச்சா கப்ளிங் எல்லாம் விறைப்பா நிக்கும். உன் வண்டில கார்டு இல்ல."

அவ்வளவுதான் விஷயம். இந்த ஸ்கேல் நக்கிளுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. கடைசிப் பெட்டி தடையில்லாமல் உருண்டால் ஸ்பிரிங் சுருங்கி விரிந்து வண்டி முழுக்க ஊசலாடும். அந்த ஆட்டத்தில் பலகை மேடு வந்தால் நக்கிள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கழலும். எல்.எச்.பி. ரயிலில் கிளம்பும்போது முதுகில் விழும் குலுக்கல் நினைவிருக்கா? அதுவும் கப்ளர் தளர்வின் வேலைதான். அதைக் குறைக்கத்தான் ரயில்வே பேலன்ஸ்டு டிராஃப்ட் கியருக்கு மாறியது.

கடைசிப் பெட்டியின் அச்சில் உரசுகிற மாதிரி ஒரு துளி ஸ்பாஞ்ச் வைத்தேன். செலவு பூஜ்யம். ரொம்ப அழுத்தி வைத்துவிடாதீர்கள், சக்கரம் சுற்றாமல் இழுபடும்.

இருபது சுற்று. கழலவில்லை. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு, "இப்பதான்டா ஒரே வண்டியா போவுது" என்றார்.

ஜூலையில் நான் வேலைக்குக் கிளம்பணும். கன்ட்ரோலர் திருகில் ஒரு தீக்குச்சியை ஒட்டியிருக்கிறேன். எவ்வளவு வேகம் என்பது தாத்தாவின் விரலுக்குத் தெரியும்.