ஒருவர் மடல்கள், இரு மொழிகள்

வேல்சு நாட்டின் மேற்குக் கரையில் அபெரிஸ்ட்வித் என்னும் சிறு நகர் உள்ளது. கடலை நோக்கிய குன்று ஒன்றின்மேல் அந்நாட்டின் தேசிய நூலகம் நிற்கிறது. 1907ஆம் ஆண்டில் அரசப் பட்டயம் பெற்று அமைந்த நூலகம் அது. வேல்சு மொழியில் மட்டுமே எழுதப்பட்ட ஏடுகளுள் மிகப் பழையதெனக் கருதப்படும் 'கார்மார்தனின் கருநூல்' அங்கேதான் காக்கப்படுகிறது. அது ஏறத்தாழ 1250ஆம் ஆண்டுக்கு உரியது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி இக்குன்றின் பாறையைக் குடைந்து ஒரு சுரங்க அறை அமைத்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அரிய ஏடுகள் சிலவும் அங்கு அடைக்கலம் புகுந்தன. தாள்களுக்காகப் பாறையைக் குடைந்தவர்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது தனி மதிப்பு உண்டாகிறது.

கவிஞரும் நாடக ஆசிரியருமான சாண்டர்ஸ் லூயிசின் சொந்தத் தாள்களும் அந்தக் கூரையின் கீழேதான் இருக்கின்றன. அவர் 1893இல் பிறந்து 1985இல் மறைந்தவர். வேல்சு நாட்டினத்தாரின் கட்சியான பிளைட் கம்ரியை 1925இல் நிறுவியவர்களுள் ஒருவர். பல ஆண்டுகள் அதன் தலைவர். 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், பெனிபெர்த் என்னுமிடத்தில் ஆங்கில அரசு கட்டிவந்த குண்டுவீச்சுப் பயிற்சித் தளத்திற்கு நண்பர் இருவருடன் சேர்ந்து தீ வைத்தார். பின் மூவரும் தாமாகவே காவல் நிலையம் சென்று செய்ததைச் சொன்னார்கள். வேல்சு நாட்டு நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலாமற் போகவே, வழக்கு இலண்டனுக்கு மாற்றப்பட்டது. மூவருக்கும் ஒன்பது திங்கள் சிறை. சுவான்சி பல்கலைக்கழகக் கல்லூரி, தீர்ப்பு வருமுன்பே அவரை விரிவுரையாளர் பதவியிலிருந்து நீக்கியது. அவர் பெயரைச் சொன்னால் வேல்சு மக்களின் மனக்கண்ணில் முதலில் எழுவது அந்தத் தீ.

அத்தகையவர் எழுதிய மடல்கள் எவ்வாறு இருக்கும்? வரிக்கு வரி மொழிப்பற்று கனலும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நானும் அவ்வாறே எதிர்பார்த்துத்தான் 1993இல் வெளிவந்த அவருடைய மடல் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்தேன். மார்கரெட் கில்கிறிஸ்ட் என்னும் மங்கைக்கு அவர் எழுதிய மடல்கள் அவை. பின்னாளில் அவருடைய வாழ்க்கைத் துணைவியானவர் அவ்வம்மையார். பதிப்பித்தோருள் அவர்களின் மகளும் ஒருவர். அம்மடல்கள் எழுதப்பட்ட மொழி ஆங்கிலம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேல்சு மொழி அறியாத நான் அவருடைய தனி வாழ்வை நேரே படித்தறிய முடிந்தது இவ்வொரு வாயிலால்தான். வேல்சு மொழியைக் காக்க வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் உள்ளத்திற்குள் மலேசியத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் எட்டிப்பார்க்க, அவர் எந்த மொழியின் ஆதிக்கத்தை எதிர்த்தாரோ அந்த மொழியே கதவைத் திறந்துவிட்டது.

காரணம் கடினமானது அன்று. லூயிஸ் பிறந்தது வேல்சு நாட்டிலேயே அன்று. இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள வாலசியில். தந்தையார் வேல்சு மொழித் திருச்சபையின் குரு. வீட்டில் வேல்சு மொழி, வெளியே ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளை அவர். இந்த அமைப்பு நம்மவர்க்குப் புதிதன்று. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, அயர்லாந்து வழிவந்த மார்கரெட்டைச் சந்தித்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். முதல் உலகப் போரில் படை அலுவலராகப் பிரான்சு சென்று காயமுற்றார். பின்னர் ஏதென்சிலும் பணியாற்றினார். அவ்வாண்டுகளில் மடல்கள் போய்க்கொண்டே இருந்தன. 1924இல் மணம் நடந்தது.

இதைக் காட்டி அவரைப் போலி என்று சொல்வாரும் இருக்கக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அயர்லாந்து எழுத்தாளர்களான யேட்சையும் சிஞ்சையும் ஆங்கிலத்தில் படித்தும், பாரெஸ் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரைப் பிரெஞ்சு மொழியில் படித்தும்தான் தம் நாட்டினத்தின்மீது தமக்குப் பற்று எழுந்தது என்பதை அவரே மறைக்காமல் கூறியவர். பிறர் மொழி வழியே தம் மொழிக்குத் திரும்பி வந்தவர் அவர். அப்படி வந்தவர்க்குத்தான் இழக்கவிருப்பது இன்னதென்று தெரியும் போலும். அவருடைய அரசியல் கருத்துகள் அனைத்தையும் நான் ஏற்பவன் அல்லன். 1930களில் ஐரோப்பிய வலதுசாரிகளிடம் அவர் காட்டிய பரிவு அவருடைய தோழர்களுக்கே உறுத்தலாக இருந்தது. ஆயினும் காதல் மடலில் அவர் பொய்யாக நடந்துகொள்ளவில்லை என்பதே என் துணிபு.

இனி மற்றொரு மடற்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட் ராபர்ட்ஸ் என்பவர் வேல்சு மொழியின் தலைசிறந்த சிறுகதை ஆசிரியர். கற்பலகைச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாக 1891இல் பிறந்து, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். இவருடைய கதைகளைப் படித்துப் பாராட்டி லூயிஸ் 1923இல் மடல் வரையத் தொடங்கினார். அன்று தொடங்கிய மடற்போக்குவரத்து 1983 வரை, அறுபது ஆண்டுகள், நடந்தது. கேட் ராபர்ட்சின் தாள்களும் அதே தேசிய நூலகத்தில் உள்ளன. இருவர் மடல்களையும் ஒருங்கே தொகுத்து, 'அன்புள்ள கேட், அன்புள்ள சாண்டர்ஸ்' என்று பொருள்படும் தலைப்பில் 1992இல் வெளியிட்டார்கள். இது முழுவதும் வேல்சு மொழி நூல். என்னால் இதைப் படிக்க இயலாது. இதைப் பற்றிப் பிறர் ஆங்கிலத்தில் எழுதியவற்றை மட்டும் படித்திருக்கிறேன்.

இவ்விருவரையும் இணைத்தவை பல. இருவரும் 1917இல் தம்பியரைப் போருக்குப் பறிகொடுத்தவர்கள். அத்துயரமே தம்மை எழுதத் தூண்டியது என்று கேட் ராபர்ட்ஸ் கூறியதுண்டு. இருவரும் ஒரே கட்சியில் உழைத்தவர்கள். 1935இல் கேட் ராபர்ட்சும் அவர் கணவரும் டென்பி நகரிலிருந்த ஓர் அச்சகத்தை விலைக்கு வாங்கினார்கள். 'பானெர்' என்னும் வேல்சு மொழி வார ஏடு அங்கிருந்து வெளிவந்தது. சிறையிலிருந்து மீண்டு, நிலையான வேலையின்றி இருந்த லூயிஸ், அவ்வேட்டில் 1939 முதல் 1951 வரை, உலகின் போக்கு என்று பொருள்படும் தலைப்பில் வாரந்தோறும் கட்டுரை எழுதினார். 1946இல் கணவர் இறந்த பின்னும் அச்சகத்தை அவ்வம்மையார் தனியே சுமந்தார். ஆக, அவர்கள் மடல் எழுதிக்கொண்டது எழுத்தாளரும் எழுத்தாளரும் என்ற நிலையில் மட்டும் அன்று. கட்டுரை தருபவரும் அதை அச்சிடுபவரும் என்ற நிலையிலும்தான்.

நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். ஒரு மொழியில் காவியம் இருப்பதால் மட்டும் அது உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு கதையின் குறையை எடுத்துச் சொல்லவும், கட்டுரை அனுப்பவும், கைம்மை உற்ற தோழிக்கு ஆறுதல் கூறவும் அந்த மொழியே இருவருக்கும் இயல்பாக வந்தது. யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் மேடை போடவும் இல்லை. பெனிபெர்த்தின் தீயைவிட இந்த அறுபதாண்டு மடல்கள் பெரிய செயல் என்று சொன்னால், மொழிப்போர் வீரர்கள் என்மீது சினம் கொள்வார்கள். கொள்ளட்டும்.

1962ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் லூயிஸ் வானொலியில் ஆற்றிய உரை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 'மொழியின் விதி' என்பது அதன் பொருள். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மொழி விவரங்கள் வெளிவரும் முன்பே, இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்சு மொழி வழக்கொழியும் என்று எச்சரித்தார். தன்னாட்சியைவிட மொழியே முதன்மையானது என்றார். அவர் எடுத்துக்காட்டிய குடும்பம் ஒன்று, லான்கெனெக் என்ற சிற்றூரைச் சேர்ந்தது. கணவர் டிரெவர் பீஸ்லி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மனைவி ஐலீன் ஆசிரியை. வீட்டு வரி கேட்டு வரும் தாள் வேல்சு மொழியில் வரும்வரை வரி செலுத்த மாட்டோம் என்று எட்டு ஆண்டுகள் நின்றார்கள். வீட்டுப் பொருள்கள் பலமுறை பறிமுதலாயின. முடிவில் 1960இல் இருமொழித் தாள் வந்தது. உரையைக் கேட்ட இளைஞர்கள் அவ்வாண்டிலேயே வேல்சு மொழிக் கழகத்தை அமைத்தார்கள். 1967இலும் 1993இலும் மொழிச் சட்டங்கள் வந்தன. இன்று அங்கே வரித்தாளும் சாலைப் பலகையும் வேல்சு மொழியில் இருக்கின்றன.

ஆனால் அரசு அனுப்பும் தாள் வேறு, ஒருவர் மற்றொருவருக்குத் தாமே விரும்பி எழுதும் தாள் வேறு. முன்னதைச் சட்டத்தால் பெறலாம். 1961இல் வேல்சு மொழி பேசியோர் நூற்றுக்கு 26 பேர். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் 17.8 பேர். லூயிஸ் அஞ்சியபடி மொழி அழிந்துவிடவில்லை. எனினும், சட்டங்கள் பெருகிய இக்காலத்திலும் எண்ணிக்கை அன்றிருந்ததைவிடக் குறைவாகவே இருக்கிறது.

எங்கள் பள்ளியில் மாணவர்க்கு உறவுக் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். அனுப்புநர் முகவரி, நாள், விளிப்பு, நலம் உசாவல் என்று எல்லாம் ஒழுங்காக அமையும், புள்ளிகளும் கிடைக்கும். அதே பிள்ளைகள் மாலையில் புலனத்தில் தோழர்க்கு எழுதும்போது மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறார்கள். தமிழ்ச் சொல் வந்தாலும் உரோமன் எழுத்தில் வருகிறது. ஆசிரியர் சிலர் இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதுண்டு. லூயிசின் காதல் மடல்களைப் படித்த பிறகு எனக்குக் கடிய மனம் வருவதில்லை. அவர்கள் மனத்தில் உள்ளதை எழுதுகிறார்கள். எந்த மொழி முதலில் கைக்கு வருகிறதோ அதில் எழுதுகிறார்கள். தமிழ் முதலில் கைக்கு வரும்படி செய்வது என் போன்றோரின் வேலை. அதைக் கடிந்து செய்ய முடியாது.

என் அக்காள் தேசியப் பள்ளியில் படித்தவர். எங்கள் தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் தொலைவைவிடத் தேசியப் பள்ளி அருகில் இருந்தது. தந்தையார் அவரை அங்கே சேர்த்தார். நான் பள்ளி வயதை எட்டியபோது வேறு தோட்டத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டோம். நான் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். அக்காள் தமிழில் நன்றாகப் பேசுவார், சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்வார். படிக்கவோ எழுதவோ தெரியாது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது அவர் எனக்கு எழுதிய மடல்கள் யாவும் மலாயில் எழுதப்பட்டவை. தையல் வேலையில் ஈட்டிய பணத்தில் பத்து வெள்ளியை மடித்து உள்ளே வைத்திருப்பார். நானும் மலாயிலேயே மறுமொழி எழுதினேன். எங்கள் வீட்டில் இரு பிள்ளைகளின் பாசம் தாளில் ஏறியபோது அது தமிழில் ஏறவில்லை. இருப்பினும் அந்தப் பாசத்திற்கு ஒரு குறையும் இல்லை.

மலேசியத் தமிழாசிரியர், எழுத்தாளர் பலருடைய தாள்கள் அவர்கள் மறைந்த சில திங்களிலேயே பழைய தாள் வாங்குபவரின் வண்டியில் ஏறிவிடுகின்றன. எனக்குத் தெரிந்த முதிய ஆசிரியர் ஒருவரின் நாட்குறிப்புகளும் மடல்களும், வீடு காலி செய்யப்பட்ட நாளில் அப்படித்தான் போயின. அவற்றில் என்ன இருந்ததென்று இனி யாரும் சொல்ல முடியாது. தமிழ் எவ்வளவு இருந்தது, மலாய் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு என்பதும் தெரியாது. அபெரிஸ்ட்வித் குன்றின்மேல், தம் நாட்டு மொழிக்காகச் சிறை சென்றவரின் ஆங்கிலக் காதல் மடல்களையும் ஒதுக்காமல் ஏற்று, படிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

என் அக்காளின் மடல்கள் பதினேழு என்னிடம் இருக்கின்றன. தந்தையார் தமிழில் எழுதிய மூன்று மடல்களுடன் அவற்றையும் ஒரே பெட்டியில், ஆண்டு வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறேன்.